ஜன்னலோரப் பேட்டரி

— திரும்பவும் சொல்றேன் வேலாயுதம் அங்கிள். பேனல் போடுங்க, பேட்டரி வேண்டாம்.

— என்னம்மா தாரணி, சோலார் கம்பெனியில இருந்து விக்க வந்துட்டு வேணாங்கிற? உங்க பாஸுக்குத் தெரியுமா?

— தெரியாது அங்கிள். ஆனா ஹானஸ்ட்டா சொல்றேன், வொர்த் இல்ல. உங்க கூரையில பன்னெண்டு பேனல்தான் புடிக்கும். அதுல வர்ற கரண்ட்டைக் கீழ உங்க சேலைக்கடை ஏர்கானே குடிச்சு முடிச்சுரும். பேட்டரில சேத்து வைக்க மிச்சம்னு ஒண்ணு வேணும்ல?

— ஞாயித்துக்கிழமை?

— ஞாயித்துக்கிழமைதான் சிங்கப்பூர்ல பாதி தேக்காவுக்கு வந்து உங்க கடைக்குள்ள நிக்குதே. நீங்க கதவைத் தொறந்து போட்டு ரோட்டையும் சேத்துக் குளிர வைக்கிறீங்க.

— அது மார்க்கெட்டிங் லா.

— கதவைச் சாத்துனாலே பில் குறையும் அங்கிள். ஃப்ரீ.

— ஃப்ரீயா செய்யறதை யாரு வந்து பாக்கப் போறா? பாயிண்ட்டுக்கு வா. எதிர்ல அதே சேலை விக்கிற ஒலி முகம்மது பாய், எத்தனை பேனல் போட்டிருக்காரு?

— இருபது.

— பேட்டரி?

— போடல. நான் வேண்டாம்னு சொன்னேன், கேட்டுக்கிட்டாரு.

— அங்கதான் பாய் தோத்துட்டாரு. எழுது, பேட்டரி ஒண்ணு.

— அங்கிள்!

— கரண்ட் போனா உதவும்ல.

— இந்தத் தெருவுல கடைசியா எப்போ கரண்ட் போச்சு?

— ஞாபகமே இல்ல. அவ்ளோ காலமாச்சு. அப்போ எந்த நேரமும் போகலாம்ல?

— சரி, பகல்ல கொஞ்சம் ஒதுக்கி வச்சாலும், ராத்திரி அதை யூஸ் பண்ண யாராவது வேணும். நீங்கதான் ஒன்பதரைக்கே ஷட்டர் இழுத்துடுறீங்களே.

— கடைக்குத்தான் ஷட்டர். மேல மூணாவது மாடியில என் வீட்டுக்காரி நாலு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறா. தீபாவளி சீசன், பாதி ராத்திரி வரைக்கும் ஓடும்.

— ஓ! அப்போ ஓரளவு ஓகே. எங்க வைக்கிறது? கூரை வெயில் ஆகாது, ராத்திரியும் ஏர்கான் ஓடுற ரூமா இருக்கணும். துணி ஸ்டோர்ல வைக்க ஃபயர் சேஃப்டிக்காரங்க விடமாட்டாங்க.

— மூணாவது மாடி முன் ரூம். ரோட்டைப் பாத்த ஜன்னல்.

— அது ஆண்ட்டி தைக்கிற ரூம் இல்ல?

— அது ஒண்ணுதான் இருக்கு. பழைய கடைவீடு, பேனல் ரோட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு ரூல் இருக்குன்னு சொல்லிட்டே. பேட்டரியாவது தெரியட்டும். ஒரு ஃபோகஸ் லைட் அடிச்சோம்னா பாய் கல்லாவுல இருந்தே பாக்கலாம்.

— ஆண்ட்டிகிட்ட சொல்லிட்டீங்களா?

— போன வாரமே சொல்லியாச்சு. ‘நல்லது’ன்னா. இதோ அவளே வர்றா. ரத்தினம், கோப்பி கொண்டாந்தியா?

— இல்லைங்க, நான் மட்டும்தான் வந்தேன். வாம்மா தாரணி. என் ரூமை அளந்துட்டியா?

— சாரி ஆண்ட்டி.

— நீ எதுக்கும்மா சாரி சொல்ற? ஏங்க, கடைசியா ஒரு தடவை கேக்குறேன். சேலை எதிர்க்கடையிலயும் இருக்கு. இங்க எடுத்தா அன்னைக்கே பிளவுஸ் கிடைக்கும்னுதான் அவ்ளோ தூரம் சாங்கியில இருந்துகூட வர்றாங்க. நான் இனிமே எங்க உக்காந்து தைக்கிறது?

— வீட்டுல தை. ஆங் மோ கியோ ஹால் சும்மாதானே கெடக்கு.

— அடுக்குமாடி புளோக் வீட்டு ஹால்ல நாலு மெஷின், மூணு பொண்ணுங்க, பாதி ராத்திரி சத்தம். கீழ்வீட்டு இருதயராஜ் கதவைத் தட்டிக் கேப்பாரு.

— பழகிடும்.

— அங்கிள், ஒரு நிமிஷம். ஆண்ட்டி மெஷினைத் தூக்கிட்டா ராத்திரி கரண்ட் யாருக்கு?

— ஏன், பேட்டரி இருக்குல்ல?

— பேட்டரி கொடுக்கும் அங்கிள். வாங்கிக்க ஆள் வேணும்.

— பேட்டரிக்குச் சூடு ஆகாது, ரூம்ல ஏர்கான் போடணும்னியே, அது ராத்திரி ஓடாது? அப்புறம் ஃபோகஸ் லைட். ஆள் ஆச்சா?

— அதாவது, பேட்டரி ராத்திரி பூரா தன்னைத்தானே குளிர வச்சுக்கிட்டு, தனக்குத்தானே லைட் அடிச்சுக்கிட்டு நிக்கும்.

— யார் கையையும் எதிர்பாக்காம நிக்குது பாரு! எத்தனை மனுஷனால முடியும்? எங்க கையெழுத்து?

— ஆண்ட்டி, நீங்களாவது சொல்லுங்களேன்.

— போடட்டும்மா. ஆசைப்படுறாரு.

— போட்டாச்சு. இந்தா டெபாசிட் செக். பாய் இன்னைக்குத் தூங்கமாட்டாரு.

— டெபாசிட் திரும்பி வராது, அங்கிள்.

— எவன் கேட்டான்?

— நல்லது. தாரணி, எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பேட்டரியில இருந்து ரோட்டைத் தாண்டி ஒயர் இழுக்க முடியுமா?

— ரோட்டைத் தாண்டியா? விடமாட்டாங்க ஆண்ட்டி. ஏன்?

— பரவால்ல. பாய் தன் கரண்ட்டே போதும்னுதான் சொன்னாரு. ஏங்க, காலையில இந்த செக்குக்காக நீங்க பேங்க்குக்குப் போனீங்கல்ல, அப்பவே என் நாலு மெஷினும் அவரு மாடிக்குப் போயிடுச்சு.