கடைசிப் பத்து

பிளக்கைப் பிடுங்கிப் போட்ட பிறகும் சத்தம் போடுகிற மெஷினை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சிரிக்காதீர்கள். கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது நம் சவரிராஜின் மச்சான் அருளானந்தத்துக்கு நடந்தது. எண்பத்தாறாம் வருஷம், சிங்கப்பூரில்.

சாயங்காலம் ஏழு மணி. பொங்கோல் ரோடு. அரசாங்கம் பன்றிப் பண்ணைகளைக் காலி செய்துகொண்டிருந்த சமயம். பாதி வீடுகளில் ஆள் இல்லை. ரோட்டில் விளக்கு இல்லை. பண்ணைகள் போயும் அந்த வாடை மட்டும் போகவில்லை... ஈரத்தோடு சேர்ந்து மூக்கில் ஒட்டியது. இரவல் வேனில் அருளானந்தம் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். மூடிவிட்ட பண்ணை ஒன்றின் ஆபீசில் பழைய கம்ப்யூட்டர் கிடப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவருக்கு அது வேண்டியிருந்தது. மனைவி உர்சுலாவுக்கு எட்டாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இந்த முறை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கப்பல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே கடைக்காரர்களுக்கு லெட்டர் அடித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

பண்ணை வீட்டில் ஒரு சீனக் கிழவர் மட்டும் இருந்தார். மேஜைக்கு மேலே சுவரில் சிலுவை மாட்டியிருந்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. கிழவர் பெட்டியைத் தொடவே இல்லை. தூர நின்று, எடுத்துப் போ என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான்.

வீடு ரோவல் ரோடு பக்கம், பத்தாவது மாடி. பிள்ளைக்கென்று ஒதுக்கி வைத்த சின்ன அறையில், தொட்டிலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார். பகலில் ஒழுங்காக வேலை செய்தது. நாலைந்து நாள் கழித்து ஒரு ராத்திரி...

டிக்.

கொஞ்சம் இடைவெளி.

டிக்.

நகத்தால் மரத்தைத் தொட்ட மாதிரி. பெரிய சத்தம் இல்லை. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் தூக்கம் வராது. மறுநாள் ராத்திரியும் கேட்டது. மூன்றாம் ராத்திரி உர்சுலா அவரை உலுக்கி எழுப்பினாள்.

"என்னங்க, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு."

"உள்ள ஃபேன் சத்தம் லா. தூங்கு."

"மெஷின் ஆஃப்ல இருக்கு. எந்த ஃபேன்?"

"அப்ப எலியா இருக்கும்."

"பத்தாவது மாடிக்கு எலி லிஃப்ட்ல வந்துச்சா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

"இந்தச் சத்தம் வந்ததிலேர்ந்து பிள்ளை சரியாவே அசையலங்க. பயந்துபோய் அடங்கிக் கிடக்கு."

"காலைல ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம்?"

"அதுக்குள்ள இத நிறுத்துங்க. இல்லன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். நீங்க அந்த மெஷினோடயே குடும்பம் நடத்துங்க."

அருளானந்தம் எழுந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனார்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினார். டிக். கீபோர்டைக் கழற்றினார். டிக். டிவி மாதிரி இருக்குமே மேல்பெட்டி, அதைத் தூக்கிக்கொண்டு போய் சமையலறையில் வைத்துவிட்டு வந்தார். அறைக்குள் நுழையும்போதே... டிக். மூடியைத் திறந்தார். சூட்டில் வெந்த தூசி வாடை வரும் என்று நினைத்தார். வந்தது வேறு வாடை. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் வருமே, அது.

அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.

காதை வைத்துக் கேட்டார். ஃப்ளாப்பி போடுகிற பாகத்திலிருந்துதான் வருகிறது. அதைக் கழற்றி சமையலறைக்குக் கொண்டுபோனார். அங்கே அது சும்மா கிடந்தது. அறையில் சத்தம் நிற்கவில்லை. ஃபேனைக் கழற்றினார். அடியில் இருந்த பச்சைப் பலகையையும் கழற்றினார். ஒயர், ஸ்க்ரூ, ஒன்று விடாமல் எல்லாம் சமையலறைத் தரைக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் மேஜை மேல் இருந்தது வெறும் தகரப் பெட்டி. உள்ளே ஒன்றும் இல்லை. கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

டிக்.

அவருடைய விரலுக்குப் பக்கத்தில்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பின்னாலிருந்து உர்சுலா பேசினாள். எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"பேசாம கேளுங்க. பத்து தட்டுது. நிக்குது. அப்புறம் ஒண்ணு. அப்புறம் திரும்பப் பத்து." அவள் முகம் தெளிந்துவிட்டது. "என்னங்க, இது ஜெபமாலை லா! மணி உருட்டற சத்தம். யாரோ பாவம், முடிக்காமப் போன ஆத்துமா. இதுக்கா பயந்தோம்?"

"வா, வெளியே போவோம்."

"ஜெபமாலை நடக்கிற வீட்டுல எழுந்து போறதா? எங்கப்பா இருந்திருந்தா உங்க காதைத் திருகியிருப்பாரு."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜெபமாலை சொல்லும்போது ஒருவர் முன்பாதி சொல்வார், மற்றவர்கள் பின்பாதி சொல்வார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் அவள் பின்பாதியைச் சொன்னாள். மெதுவாக, வீட்டில் தினமும் சொல்வது போலவே. ‘எங்கள் மரண நேரத்திலும்’ என்ற இடம் வரும்போதெல்லாம் அருளானந்தம் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் வேகமாக வந்தது. பதில் கிடைத்த சந்தோஷம் மாதிரி.

நான்கு பத்து முடிந்தது. நின்றது.

ஜெபமாலைக்கு மொத்தம் ஐந்து பத்து. ஐந்தாம் பத்து வரவேண்டும். வரவில்லை. கீழே சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு டாக்சி போகும் சத்தம் கேட்டது. அதுவும் போய்விட்டது. வெறும் பெட்டி... வாயைத் திறந்துகொண்டு... காத்திருக்கிற மாதிரி.

"ஏன் நின்னுடுச்சு?" என்றார் அவர்.

"தெரியாதா? எங்க வீட்டுல கடைசிப் பத்து எப்பவும் சின்னப் பிள்ளைக்குத்தான் விடுவோம். அதுகளும் சொல்லிப் பழகணும்ல?" உர்சுலா சிரித்துக்கொண்டே வயிற்றைத் தட்டினாள். "டேய் குட்டி, உன் முறைடா. சொல்லு."

"உர்சுலா, வேணாம்."

அவள் சொல்லிவிட்டாள்.

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் அவள் "ஆ!" என்று நிமிர்ந்தாள். அவருடைய கையைப் பிடித்து இழுத்து வயிற்றின் மேல் வைத்தாள்.

"உதைக்குதுங்க! பாருங்க, உதைக்குது!"

அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. உள்ளங்கைக்கு அடியில் நன்றாகத் தெரிந்தது. ஒரு உதை. இடைவெளி. இன்னொரு உதை. இடைவெளி.

எல்லா உதையும் ஒரே அளவு. எல்லா இடைவெளியும் ஒரே அளவு.

அவர் எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் எண்ணிவிட்டார். பத்து வந்தது. நின்றது. அப்புறம் ஒன்று.

அதற்குப் பிறகு இல்லை.

உர்சுலா எண்ணவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லணும், செம்ம உதை உதைக்கிறான்னு" என்றாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். மூன்று ராத்திரிக்கு அப்புறம் நல்ல தூக்கம். அந்த அறையிலிருந்தும் சத்தம் வரவில்லை. அருளானந்தம் விடியும் வரை அவள் வயிற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் கேட்டார். பிள்ளை உள்ளேயே இறந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது என்று சொன்னார்கள்.