செல்ஃப் எடுக்காத ரொட்டி வண்டி

— இன்னொரு தடவை சாவியத் திருப்புங்க, எசென்பெக் பைகே.

— திருப்பிட்டேன் துர்சுனாய். பாரேன், ஒரு முனகல்கூட இல்ல. எஞ்சின் மாத்தி மூணு நாளாச்சு, ஒரு தடவையாவது செல்ஃப் எடுத்துச்சா? பாக்க ரொட்டி மாதிரி இருக்குன்னு இந்த வேனுக்கு ரொட்டி வண்டின்னு பேரு வச்சாலும் வச்சாங்க, காஞ்ச ரொட்டியாட்டமே நிக்குது.

— லைட்டு எரியுதா?

— எரியுது. ஹாரனும் வேலை செய்யுது. அடிச்சுக் காட்டவா?

— வேணாம், உங்க தேனீங்க எல்லாம் கெளம்பி வந்துடும். அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கியர் நியூட்ரல்ல இருக்கா?

— இருக்கு, இருக்கு. நாலு தடவை ஆட்டிப் பாத்துட்டேன்.

— ஜப்பான் எஞ்சினை எறக்கினது உங்க மச்சான். வயரிங் முழுக்க நான். வியாழக்கிழமை நான் கெளம்பறப்ப பேட்டரி சார்ஜ்ல இருந்துச்சு. சார்ஜ் ஏறினதும் நீங்களே ஸ்டார்ட் பண்ணிக்குங்கன்னு சொல்லிட்டுப் போனேன். அதுக்கப்புறம் யாராச்சும் கை வச்சாங்களா?

— யாரு வைக்கப் போறா? இந்த வீட்ல நானும் நாப்பது தேன்பெட்டியும்தான்.

— சரி, அது கெடக்கட்டும். எதுக்கு வெள்ளைச் சட்டை?

— எது, இதுவா? இது பழசு.

— மடிப்புக் கோடு அப்படியே இருக்கு. காலர்ல கடைச் சீட்டு தொங்குது.

— காத்துல வந்து ஒட்டியிருக்கும். மொதல்ல வா, டீ குடி. மாவு பிசைஞ்சு பூர்சோக் சூடாப் பொரிச்சு வச்சிருக்கேன். பாலாடை இருக்கு, குதிரைப்பால் இருக்கு, தேனு வேற...

— மேசையில எட்டுப் பேருக்கு இருக்கு. விருந்தாளி யாரும் வராங்களா பைகே?

— பசியோட வருவியேன்னு பண்ணினேன். அப்புறம், அந்த பைகேய விட்டுடேன். உன்னைவிட ஒரு வயசுதான் மூப்பு. கூடப்பொறந்த அண்ணனைக் கூப்பிடற மாதிரி இருக்கு.

— நான் வண்டி பாக்க வந்தேன். அந்த டெஸ்ட் லாம்பைக் குடுங்க. செல்ஃப் மோட்டாருக்கு ரெண்டு வயர் போகும். தடிச்சது பேட்டரியில இருந்து நேரா வரும். இதுல கரண்டு இருக்கு, பாருங்க, எரியுது. இன்னொண்ணு மெல்லிசு, சாவியில இருந்து வரும். அந்த மெல்லிசு வயரு... காணோம்.

— காணோமா? அடப்பாவமே. எலி கடிச்சிருக்கும். இந்த வருஷம் எலி ஜாஸ்தி, துர்சுனாய். போன வாரம்கூட ஒண்ணு...

— இருங்க. கெடைச்சிருச்சு. கழட்டி, பின்பக்கமா மடிச்சு வச்சு, முனையில நீல டேப்பு சுத்தியிருக்கு. மூணு சுத்து.

— ம்.

— உங்க எலி டேப்பு சுத்துமா?

— முனை போய் பாடியில பட்டா தீப்பொறி வரும்ல. அதனாலதான்.

— ரொம்ப அக்கறையான எலி.

— சிரிக்காத.

— சிரிக்கல. போன மாசம் உங்க கோழிக்கூண்டுல நாலு பல்பும் ஒரே நாள்ல போச்சு. அதுக்கு முன்னாடி ரேடியோ, ரெண்டு தடவை. வயரை ஆடு தின்னுடுச்சுன்னு சொன்னீங்க. உங்ககிட்ட ஆடே கெடையாது.

— பக்கத்து வீட்டு ஆடு.

— அலமாரி மேல ஏறியா?

— நான் என்னதான் பண்ணுவேன், சொல்லு. உன்னைக் கூப்பிட ஒரு காரணம் வேணும்ல. சும்மா வான்னு கூப்பிட முடியுமா? எதிர்வீட்டு பூபிஷ் காலையில இருந்து ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு ஒரே பாத்திரத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. வீட்ல உடைக்கறதுக்கு இனிமே சாமான் இல்ல. வண்டிதான் மிச்சம் இருந்துச்சு. நேத்து ராத்திரிதான் வயரைக் கழட்டினேன். அதுக்கே ரெண்டு நாள், சாவியக்கூடத் தொடாம யோசிச்சேன்.

— அம்பத்தாறு வயசு.

— ஏழு.

— வயரை மாட்டிட்டேன். ஏறி உக்காந்து சாவியத் திருப்புங்க.

— இப்பப் பாரு, எப்படி உறுமுதுன்னு. ஒரு வயருதானே கழட்டினேன், வேற எதையும் நான்... இரு. டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு, அவ்வளவுதான்.

— இன்னொரு தடவை.

— டக்குங்குது. சுத்த மாட்டேங்குது. துர்சுனாய், இது நான் பண்ணல.

— ம்.

— என் தேனீங்க மேல ஆணை, இது நான் பண்ணல.

— ஆடா இருக்குமோ?

— வெளையாடாத. இன்னிக்கு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பெட்டிங்களை ஏத்தணும். மலையில பூ பூத்து நாலு நாளாச்சு, ஒரு வாரத்துல உதிர்ந்துடும். இரு, இரு, புகை வருது. ஆக்சிலேட்டர் கேபிள் பக்கத்துல இருந்து வருது. தொட்டா சுடுது.

— சாவிய விட்டுடுங்க. ஒண்ணும் ஆகாது.

— நீ என்ன இவ்வளவு நிதானமா உக்காந்து பூர்சோக் தின்னுக்கிட்டு இருக்கே?

— நல்லா வந்திருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி.

— வண்டி புகையுது.

— பாத்தேன். நாளைக்குக் காலையில நான் பிஷ்கெக் போறேன், பைகே.

— சாமான் வாங்கவா?

— மகன் வீட்டுக்கு. எனக்குன்னு ஒரு ரூமு ஒதுக்கியிருக்கான். இந்த ஊர்ல தனியா எதுக்கு இருக்கேன்னு கேக்கறான்.

— எத்தனை நாளைக்கு?

— ரூமு ஒதுக்கியிருக்கான்னு சொன்னேனே.

— அப்படியா.

— ஏன் வண்டியில இருந்து எறங்கிட்டீங்க?

— இதை உக்காந்துக்கிட்டு சொல்ல முடியாது. எனக்குப் பேச வராது, துர்சுனாய். என் சம்சாரம் அல்மாகான் போய் ஆறு வருஷமாச்சு. தினம் மேசையில ஒரு கிண்ணம் வைப்பேன். நீ வந்தா ரெண்டு. நீ போனப்புறம் அந்த ரெண்டாவது கிண்ணத்தைக் கழுவ மனசு வராது, ரெண்டு மூணு நாள் அப்படியே கெடக்கும். நீ இங்கயே வந்துடு. கல்யாணம் பண்ணிக்கிட்டு, எல்லாருக்கும் சொல்லிட்டு, மரியாதையா. இனிமே எதையும் உடைக்க மாட்டேன். இல்ல, பிஷ்கெக்தான் போகணும்னா, தேன்பெட்டி வைக்க அங்க இடம் இருக்கான்னு உன் மகன்கிட்ட கேளு. நான் வரேன்.

— அவன் இருக்கறது அஞ்சாவது மாடி.

— தேனீ பறக்கும்.

— கையப் பிடிக்காதீங்க, கிரீஸா இருக்கு. பூபிஷ் வேற பாக்கறா.

— பாக்கட்டும், பாத்திரம் நல்லா சுத்தமாகட்டும். நீ பதில் சொல்லு.

— மொதல்ல வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க.

— இப்ப வண்டியா முக்கியம்?

— குனிங்க. எஞ்சின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, பாடியில எங்கயும் படாது. அதனால எஞ்சினையும் பாடியையும் சேர்த்து எர்த்துக்கு ஒரு செப்புப் பட்டை போட்டிருக்கணும். அது இல்லன்னா கரண்டு திரும்பி வர வழியில்லாம ஆக்சிலேட்டர் கேபிள் வழியா ஓடி அதைச் சுட வைக்கும். பட்டை இருக்கா?

— இல்லையே. போல்ட்டு மட்டும்தான் இருக்கு. இருபது வருஷமா இதே வேலை பாக்கறே, நீயா இதைப் போட மறந்தே?

— மறக்கல. வியாழக்கிழமை போட்டேன், நீங்க டீ போட உள்ள போனப்ப கழட்டிட்டேன். சாயங்காலமே வண்டி எடுக்கலன்னு கூப்பிடுவீங்கன்னு பாத்தா, மூணு நாளா போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்க வச்சுட்டீங்க.