தன்னையே மணக்கப் பார்த்த மணமகள்

என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு, இப்போதே வருந்திக்கொண்டிருக்கும் தலைவர் சம்பந்தி அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசைப் பசியோர்களே, என்னைப் பெறாமலேயே பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, வணக்கம். மணமகளின் தாய்மாமன் நான். நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை என்ற உறுதிமொழியோடு ஒரு கதை சொல்கிறேன்.

இன்று காலை, திருமணப் பதிவு அலுவலகம். ஒரு மணிக்குக் கதவடைப்பார்கள். தவறினால் அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. மாப்பிள்ளைக்கோ நாளை மறுநாள் கப்பல். போனால் ஆறு மாதம். பன்னிரண்டே முக்காலுக்கு எழுத்தர் இருவர் பெயரையும் தமிழில் தட்டினார். கணினி என்ன சொன்னது? ‘ஒருவர் தம்மையே மணக்க இயலாது.’ கட்டடமே ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது.

“என்ன சார் இது?” என்றேன்.

“ரெண்டு பேருமே அஞ்சு கேள்விக்குறியாத்தான் விழுது. ஒரே ஆளுன்னு நெனச்சுக்குது. இங்கிலீஷ்ல போட்டுடலாம். இதுவரைக்கும் வந்தவங்களுக்கெல்லாம் அப்படித்தான் போட்டேன்.”

அங்கே சிரிப்பது யார், மாப்பிள்ளையின் சித்தப்பாவா? ஐயா, உங்கள் பெயருக்கு ஏழு கேள்விக்குறி விழும், அடக்கமாக உட்காருங்கள்.

“எல்லாருக்குமா?” என்றாள் மணமகள், முகம் சிவக்க. “இந்த சாஃப்ட்வேர எழுதினதே நான்தான் சார். தப்பு என்னோடது.”

ஏபிசி என்பவருக்கும் எக்ஸ்ஒய்இசட் என்பவருக்கும் நாற்பதாயிரம் முறை சோதனைத் திருமணம் செய்துவைத்தவள், ஒரே ஒரு தமிழ்ப் பெயரையாவது தட்டிப் பார்த்தாளா? பார்க்கவில்லை. திரைக்குத் தமிழ் தெரிந்தது; அனுப்பும் வழிக்கும் தெரிந்தது; பெயர் போய்த் தங்கும் தரவுத்தள அட்டவணை மட்டும் ஆங்கிலம் தவிர வேறறியாத பழைய குறியீட்டில் கிடந்தது. புரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டது.

“நேரமாகுது, இங்கிலீஷ்லயே போட்டுடலாமே,” என்றார் மாப்பிள்ளை.

“உங்களுக்குப் பரவால்லயா?”

“எனக்குப் பரவால்ல. உனக்கு?”

“இல்ல.”

“அப்ப நிக்கிறேன்.”

மாலையும் கழுத்துமாய்த் தன் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். “அட்டவணைய யூனிகோடுக்கு மாத்துங்க. ஆமா, இப்பவே. ஆமா, கல்யாணத்துலதான் இருக்கேன்.” பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுக்கு, சூரியன் ஒரு நிமிடம் நின்று எட்டிப் பார்க்க, எழுத்தர் மறுபடி தட்டிய இரண்டு பெயர்களும் எழுத்தெழுத்தாய் மலர்ந்தன.

பொறுத்திருந்த காதுகளுக்கெல்லாம் நன்றி, மணமக்கள் வாழ்க. சபையில் பொய் சொல்லி இறங்கக் கூடாது என்பதால் ஒன்று: இதில் முக்கால்வாசி நான் இட்டுக்கட்டியது. அத்தனை பேர் முன்னால், யாரும் கேட்காமலேயே, “தப்பு என்னோடது” என்று அவள் சொன்னாள் பாருங்கள், அது மட்டும் நிஜம். வணக்கம்.