துடுப்புக் கால் முக்காலி

கூக்கால் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒருவர் முக்காலியை மடியில் வைத்திருந்தார். பக்கத்து சீட் அம்மாள் கேட்டாள்.

“காலெல்லாம் துடுப்பாங்க?”

“ஆமாக்கா. படகு விடுற பள்ளிக்கூடத்துல கழிச்சுப் போட்ட துடுப்புங்களை அறுத்து நாந்தான் செஞ்சேன். ஒரு கால் மட்டும் தெனமும் வெள்ளனே நனைஞ்சு கெடக்கும்.”

“அடுப்போரம் வைக்கிறதுதானே?”

“வச்சும் காயலை. அந்தக் கால், ஏரியில முங்கிப்போன பையன் புடிச்ச துடுப்புன்னு பெறகுதான் சொன்னாங்க. அந்தக் காலை மாத்திட்டேன்.”

“நின்னுருச்சா?”

“இப்ப உக்காருற பலகை நனையுது. ஈரத்துணியோட யாரோ உக்காந்து எந்திரிச்ச மாதிரி.”

“ஐயோ! அதான் தூக்கிட்டுப் போறீங்களா?”

“அவன் முங்குன கூக்கால் ஏரியிலயே விட்டுரலாம்னுதான். பாவம், தலை துவட்டட்டும்னு எம்மக நேத்து அது மேல துண்டு வச்சா. காலையில அந்தத் துண்டு புழிஞ்சு கொடியில கெடக்கு. வீட்டுல யாரும் போடலைக்கா.”