கிளை நட்ட குழி

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் யாரும் படிக்க மாட்டார்கள். என்ன பிரச்சினை, எந்த இடம், என்ன வேண்டும், அவ்வளவுதான். அழுகை, கோபம், சொந்தக் கதை எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பேரூராட்சி ஆபீஸ் கிளார்க் ராஜமாணிக்கம். என் முதல் மனு நாலு பக்கம். கரண்ட் இல்லாததால் அதிலேயே விசிறிக்கொண்டு, "தேவையில்லாததெல்லாம் எதுக்கும்மா எழுதுற? மூடி வேணும்னு எழுது, போதும்" என்றார். அந்த ஆபீசில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அதனால்தான் இந்த வாக்குமூலத்தையும் நானே எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் கேட்டேன் சார். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். முதல் பத்தியில் எனக்கு இருபத்துமூன்று வயது, கடைசிப் பத்தியில் முப்பத்திரண்டு.

பெயர் அருணா. வயது இருபத்துமூன்று. பி.எஸ்சி. வேதியியல். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, அதற்கு அரசாங்கச் சான்றிதழே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறேன். கான்ட்ராக்ட் வேலை.

பிரச்சினை, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் உள்ள குழி. ரெண்டு வருஷம் முன்பு மழைநீர்க் கால்வாய் கட்டினார்கள். கால்வாய் திரும்பி ரோட்டுக்கு அடியில் போகிற மூலையில் மட்டும் மூடி போடவில்லை. எட்டடி ஆழம். வெயில் காலத்தில் யாருக்கும் தெரியும். மழை பெய்தால் ரோடும் குழியும் ஒரே தண்ணீர்.

போன ஐப்பசியில் என் அம்மா செல்வி அதில் விழுந்தாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கப் போகிறவள், காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடினாள். பஞ்சர் கடை யேசுதாஸ் அண்ணன்தான் டியூபை வீசி இழுத்துப்போட்டார். இடுப்பெலும்பு போய்விட்டது. இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். நான் ஆபீசுக்குப் போய்ச் சொன்னபோது ராஜமாணிக்கம் கேட்ட முதல் கேள்வி, "உசுருக்கு ஒண்ணுமில்லல்ல?" இல்லை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின வருஷம் ரெண்டாவது வார்டில் இதே மாதிரி ஒரு குழியில் ஒரு பெரியவர் செத்தார். மூன்றாம் நாள் மூடி வந்தது, போட்டோ எடுக்க ஆளும் வந்தது.

அம்மா விழுந்த மறுநாள் யேசுதாஸ் அண்ணன் புங்க மரத்திலிருந்து ஆள் உயரக் கிளை ஒன்றை வெட்டிக் குழியின் ஓரத்தில் நட்டார். உச்சியில் சிவப்புத் துணி. நம் பக்கத்தில் மூடியில்லாத குழி எங்கே இருந்தாலும் யாராவது இப்படி ஒன்றை நட்டுவைப்பது வழக்கம்தானே. இலை காய்ந்தால் வேறு கிளை மாற்றுவார். கடையைத் திறந்ததும் முதல் வேலை அதுதான். நான் ஸ்கூலுக்குப் போன காலத்தில் என் சைக்கிளுக்கு எத்தனை பஞ்சர் ஒட்டியிருப்பார் என்று கணக்கில்லை. நல்ல மனுஷன். அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை.

நான் மனு போட்டுக்கொண்டே இருந்தேன். பேரூராட்சிக்கு ஆறு. பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போய், திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மூன்று. எல்லாம் சுற்றி எங்கள் ஊர் ஆபீசுக்கே வந்து சேர்ந்தன. ஒன்பதாவது மனுவுக்குப் பதில் வந்தது. "மேற்படி இடத்தில் எச்சரிக்கைக் குறியீடு அமைக்கப்பட்டு, பொதுமக்களின் பாதுகாப்பு உறுதி செய்யப்பட்டுள்ளது. மனு முடிவு செய்யப்பட்டது." கூடவே ஒரு போட்டோ. யேசுதாஸ் அண்ணனின் புங்கக் கிளை.

கவுன்சிலர் அன்புசெல்வன் வீட்டுக்கு அந்தக் காகிதத்தோடு போனேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "அதான் குச்சி நட்டுக்கீதுல்ல. அத்தப் பாத்து ஒதுங்கிப் போறதுக்கு இன்னா? நீ படிச்ச பொண்ணு, உனுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரிந்தது. அந்தக் கிளை நிற்கிற வரைக்கும் மூடி வராது. யேசுதாஸ் அண்ணன் தினம் காலையில் அவர்கள் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார். அவர் நல்லவராக இருந்ததுதான் அவர்களுக்குத் தோதாகப் போய்விட்டது. நான் கோபத்தில் எதையும் செய்யவில்லை. காரணத்தை எடுத்தால் விளைவு மாறும், காலேஜ் லேபில் சொல்லிக்கொடுத்ததுதான்.

புரட்டாசிக் கடைசியில் கிளையை முதல் தடவை பிடுங்கினேன். விடிகிற நேரம், ரோட்டில் ஆள் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்தேன். கடை திறக்க வந்தவர் குழியைப் பார்த்தார், சுற்றும்முற்றும் பார்த்தார், வேறு கிளை வெட்டி நட்டார். ரெண்டு நாள் விட்டு அதையும் எடுத்தேன். மூன்றாவது கிளையும் காணாமல் போனபோது என்னைக் கூப்பிட்டார்.

"எவனோ கெளயப் புடுங்கிக்கினு போறாம்மா. ஆடு மாடு துன்னுச்சுன்னா துணியாவது கெடக்கும். துணியும் இல்ல. இது மனுசன் வேலை."

"கவுன்சிலரோட ஆளுங்களா இருக்கும்ணா. ஊருக்கு அசிங்கமா தெரியுதுன்னு எடுக்கச் சொல்லியிருப்பார்" என்றேன்.

அப்படியே நம்பிவிட்டார். அன்றிலிருந்து கவுன்சிலரின் வண்டி போனாலே கையிலிருக்கிற ஸ்பேனரோடு எழுந்து நிற்பார். டீக்கடையிலும் அதே பேச்சு. நான்கைந்து நாளில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். என்னை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மனு போட்ட பெண் அல்லவா. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நீ மாடியில கீற. காலையில கொஞ்சம் ரோட்டைப் பாத்துக்கோம்மா. எவன்னு தெரிஞ்சா எனக்கு ஒரு குரல் குடு."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி முழுக்க மழை. புதன் விடிகாலை அஞ்சரை மணிக்கு இறங்கினேன், முட்டி வரை தண்ணீர். கிளையை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். செல்போனைப் பால்கனிக் கம்பியில் சாய்த்து வைத்துக் காத்திருந்தேன். யாராவது ஒருத்தர் விழுவார், கால் உடையும், கையில் ஆதாரம் இருக்கும். இவ்வளவுதான் என் கணக்கு. உயிர் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மூடி வர என்ன வேண்டுமோ அதைத்தான் நினைத்தேன்.

ஆறு மணி பஸ்ஸுக்கு ஏழெட்டுப் பேர் வரவேண்டும். மழையால் யாரும் வரவில்லை. யேசுதாஸ் அண்ணன் வந்தார், வீடியோவை ஓடவிட்டேன். கடையைக் கூடத் திறக்கவில்லை. கிளை இல்லாததைப் பார்த்ததும் நேராகப் புங்க மரத்துக்குப் போய் ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அந்த இடம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஓரத்து மண்ணை ராத்திரியே தண்ணீர் அரித்துப் போயிருந்தது. கொம்பை ஊன்றினார். கொம்பும் போனது, அவரும் போனார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். வீடியோ மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் போய்விட்டது. சாயந்திரம் மறியல். கிளையை எடுக்கச் சொன்னது கவுன்சிலர்தான் என்று ஊரே சொன்னது, நீங்களும் அவருடைய ஆட்கள் ரெண்டு பேரைப் பிடித்து உட்காரவைத்தீர்கள். ராஜமாணிக்கத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் லாரியில் மூடி வந்தது. நல்ல கனமான சிமெண்டு மூடி. அதன்மேல் நானே ஏறி நின்று பார்த்தேன். அம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேலே வந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்த நாலு கிளைகளைக் காட்டி, இதெல்லாம் என்ன என்று கேட்டாள். உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்னொருத்தியின் அம்மா அங்கே விழ மாட்டாள், அது அவளுக்குப் புரிய நாளாகும்.

கிளையை எடுத்தது நான். அந்த ரெண்டு பேரை விட்டுவிடுங்கள். யாரையும் நான் தள்ளவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். என் போனில் இருக்கிற வீடியோ நாலு நிமிஷம் பதினொரு செகண்ட், ஊருக்குப் போனது மூன்று நிமிஷம்தான், ஏன் என்று கேட்டீர்கள். அவர் உடனே போய்விடவில்லை. கால்வாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பால்கனியில் துணி காயப்போடுகிற நைலான் கயிறு என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. நான் கம்பியில் சாய்ந்திருந்த போனை அசையாமல் பிடித்துக்கொண்டேன், நடுவில் ஆடினால் ஆதாரம் நிற்காது. அனுப்பும்போது தேவையில்லாததை வெட்டிவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் குழியைப் பற்றியோ மூடியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. மேலே பார்த்து என் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.