வாசலில் கட்டிய வேப்பிலை

கல் விழுகிறது. பக்கத்து வீட்டு ஓட்டின் மேல். இன்னொன்று. பிறகு பீங்கான் நொறுங்கும் சத்தம். நீளமாக. சுட்டு அடுக்கிய பொம்மைகளைப் பலகையோடு கவிழ்க்கிறார்கள். மாசி மாதம். மாலை ஆறரை மணி. கரண்ட் இல்லை. யாரோ பியூஸைப் பிடுங்கிவிட்டார்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

"டேய், அது நம்ம சார் வூடுடா! வேப்பில கட்டியிருக்குது பாரு. வுடுங்கடா!"

குரல் தெரிந்தது. செல்வம். எட்டாம் வகுப்பில் என்னிடம் சரித்திரம் படித்தவன்.

பக்கத்து வீடு அருள்சாமியுடையது. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் கூலிக்கு நின்று, பிறகு சொந்தமாக ஒரு சிறு சூளை போட்டவர். காலனியில் பிறந்தவர். எங்கள் சாதித் தெருவில் மனை வாங்கிய முதல் ஆள். புது நூற்றாண்டு பிறந்த வருஷம் குடிவந்தார். சுவர் ஒட்டி வாழ்ந்தோம். அவர் மகள் ஸ்டெல்லாவுக்கு நான்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். இந்தக் கல் விழுந்த வருஷம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு.

மாரியம்மன் தேர் தங்கள் காலனிக்கும் வர வேண்டும் என்று காலனிக்காரர்கள் கேட்டார்கள். வராது என்றது எங்கள் தெரு. அடிதடி. கல் விழுந்த அன்று காலை டீக்கடையில் என் காதோரம் சொன்னார்கள்.

"மத்தியானத்துக்குள்ள வாசல்ல வேப்பில கட்டிடுங்க சார். பசங்களுக்கு நம்ம வூடு எதுன்னு தெரியணும்ல."

ஏன் என்று நான் கேட்கவில்லை. புரிந்துவிட்டது. வகுப்பில் சமத்துவம் பேசிய வாய் டீயை ஊதிக் குடித்தது.

ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினேன். அருள்சாமியின் மனைவி பிலோமினா தண்ணீர்க் குடத்தோடு வந்தார். நின்றார்.

"அம்மனுக்கா சார்?"

"ஆமாம்மா."

கையில் இன்னும் ஒரு கொத்து இருந்தது. அதை ஆட்டுக்குப் போட்டேன்.

பயமா? பயமும்தான். ஆனால் நாளைக்கும் அதே கடையில் டீ குடிக்க வேண்டும். அந்தத் தெருவை வைத்துத்தான் என் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். படிப்புதான் என்னை ஆளாக்கியது என்று நம்பியிருந்தேன். இல்லை. தெருதான் ஆக்கியிருந்தது. செல்வத்தையும் அதேதான். அவன் கையில் கல் இருந்தது. என் கையில் இலை.

"வுட்டுட்டு ஓடியாங்க! சூளைய வுட்டுட்டு ஓடியாங்க!"

பிலோமினாவின் அலறல். கதவிடுக்கில் பார்க்கிறேன். அருள்சாமி ஓடவில்லை. சூளைக்கு முன்னால் கைகளை விரித்து நிற்கிறார். கடப்பாரை ஓங்குகிறது. எலும்பு உடைந்த சத்தம் பீங்கான் சத்தத்தைவிடச் சின்னது. எனக்குக் கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து பிலோமினா துணி எடுக்க வந்தார். வீட்டில் எதையும் விட்டுவைத்திருக்கவில்லை; எடுக்கத் துணி இல்லை. என் வாசலைப் பார்த்தார். இலை வாடியிருந்தது.

"அம்மனுக்குன்னு சொன்னீங்களே சார்."

திட்டவில்லை. அப்போதும் 'சார்' என்றார்.

உயிர்ச்சேதம் இல்லை என்று தெரு நிம்மதியாகப் பேசிக்கொண்டது. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு வீடு. ஒரு சூளை. விற்கக் காத்திருந்த பொம்மைகள் அத்தனையும். ஒரு தையல் மெஷின். அருள்சாமியின் வலக்கை. ஸ்டெல்லா எழுதாத பரீட்சை. திருப்பூர் பஸ் ஏறிய மூன்று பேர், திரும்பவில்லை.

என் வீட்டில் ஒரு ஓடுகூட உடையவில்லை.