பதினெட்டுக் கிலோ

மாலை நாலே முக்கால் மணி. கூட்ஸ் ஷெட்டைத் தாண்டினால் ஒரு சாலை வரும். இரண்டு பக்கமும் துருப்பிடித்த ரயில் பெட்டிகள். ஆள் நடமாட்டமே கிடையாது. அந்தச் சாலை வேறெங்கும் போகாது. ரயில் மியூசியத்து வாசலில் போய் முட்டி நின்றுவிடும்.

அதில் ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பின்னால் இரண்டு பிள்ளைகள்...

டார்ச்சை அணைத்துவிடு. கரண்ட் வரும்போது வரட்டும். பேய்க் கதை கேட்டது நீங்கள்தானே? நைட் டியூட்டியில் பிணவறை வரைக்கும் தனியாகப் போய் வருகிறவர்கள், இப்போது ஒரே கட்டிலில் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்ல நர்சுகள்! கட்டில் உடைந்தால் வார்டனிடம் நீங்களே பதில் சொல்லுங்கள்.

இது நான் கண்ணால் பார்த்ததில்லை. பழைய ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த சிநேகிதியின் அண்ணனுக்கு நடந்தது. அந்த மெக்கானிக்தான் அண்ணன். பின்னால் இருந்த பையன் அவர் மகன், ஒன்பது வயது. கூட இருந்தவள் என் சிநேகிதியின் மகள். வாயை மூடவே மாட்டாள். அதனால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர்.

மூன்றாவதாக ஒரு பிள்ளை வந்திருக்க வேண்டும். பையனுக்குத் தங்கை. பொடிசு என்று கூப்பிடுவார்கள். ஆறு வயது. அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

ரத்தத்தில் வந்த நோய். அதை உங்களுக்கு விளக்க வேண்டாம், நாம் தினமும் பார்க்கிறதுதான். என் சிநேகிதியின் வார்டிலேயே படுத்திருந்தாள். தினமும் காலை ஆறு மணிக்கு எடை பார்ப்பார்கள். பதினேழு. பதினேழரை. மறுபடியும் பதினேழு. பதினெட்டு வந்தால் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பதினெட்டு வரட்டும் தங்கம். அன்னிக்கே ரயில் மியூசியம். இன்ஜின்ல ஏத்தி விடுறேன். சங்கிலியைப் பிடிச்சு இழுத்து நீயே விசில் அடி," என்று அப்பா வாக்குக் கொடுத்தார்.

குழந்தை முக்கி முக்கிச் சாப்பிட்டது. சாப்பிட்டதை வாந்தி எடுத்தது. வாயைக் கழுவிக்கொண்டு மறுபடியும் தட்டைக் கேட்டது.

ஒரு நாள் காலை மெஷின் பதினெட்டு காட்டியது. வார்டே கை தட்டியது. என் சிநேகிதி அவளைத் தூக்கி இறக்கும்போது கையில் ஏதோ இடித்தது. சட்டையை விலக்கினால்... பைஜாமா இடுப்பில் ஒரு ஸ்பேனர். அப்பாவின் பையிலிருந்து எடுத்துச் சொருகியிருக்கிறாள். பெரிய ஸ்பேனர், அரைக் கிலோவுக்குக் குறையாது.

என் சிநேகிதி சிரித்துக்கொண்டே அதை அண்ணனிடம் நீட்டினாள். அவர் சிரிக்கவில்லை. ராத்திரி முழுக்க எங்கேயோ நின்றுபோன லிஃப்ட்டோடு மல்லுக்கட்டிவிட்டு நேராக வந்திருந்தார். பதினெட்டு என்று கேட்டதும் சந்தோஷத்தில் அழுதும் விட்டிருந்தார். ஸ்பேனரை வாங்கினார். குழந்தையின் காய்ச்சல் ஏறி அந்த இரும்பு சுட்டது.

"அப்பாவையே ஏமாத்துறியா? இனிமே மியூசியமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

கோபத்தில் சொன்னதுதான். எந்த அப்பா சொல்லாதது? அன்று சாயங்காலமே குழந்தைக்கு நினைவு தப்பிவிட்டது. மூன்றாம் நாள் காலை என் சிநேகிதிதான் சார்ட்டில் காய்ச்சலைக் குறித்தாள். நூற்று இரண்டு. அதற்குக் கீழே எழுத வேண்டியது எதுவும் வரவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்த மனிதருக்கு நேரமே கிடைக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் பேயை விட இதுதான் தாங்காது.

கதவு ஆடினால் ஆடட்டும். காற்றுதான்.

பதினோரு மாதம் யாரும் மியூசியம் என்ற சொல்லை எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன் தானாகவே வந்து, "அப்பா, இன்னிக்குப் போலாமா?" என்றான். எங்கே என்று அவர் கேட்கவில்லை. பையனின் அம்மா, என் சிநேகிதிக்கு அண்ணி, வர மறுத்துவிட்டாள். அத்தை மகளாவது கூட வரட்டும் என்று ரேடியோவை ஏற்றிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பதால் சாமான் பையும் அவர் தோளில் இருந்தது.

உள்ளே யாரும் இல்லை. கிரீஸ் வாசனை, பழைய கரி வாசனை, வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டின் வாசனை. சாவிக்கொத்தோடு ஒரு காவலாளி மட்டும். "அஞ்சரைக்குப் பூட்டிடுவேன் சார், சட்டுனு பார்த்துருங்க," என்றார்.

ஒரு மூலையைப் பழைய பிளாட்பாரம் போலவே வைத்திருந்தார்கள். பெஞ்சு, மணி, அப்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்பு எடை மெஷின். காசு போட்டால் எடை அச்சடித்த அட்டை வந்து விழும். இந்தக் காலத்துக் காசை அது ஏற்றுக்கொள்ளாது. காவலாளி ஒரு டப்பாவிலிருந்து பழைய காசுகளை எடுத்துக் கொடுத்தார்.

பையன் ஏறினான். காசு விழுந்தது. கிர்ர்ர்... டக்... டக்... டக். அட்டை.

நாற்பத்தாறு.

"மாமா! இவன் யானைக்குட்டி மாமா!" ரேடியோ குதித்தாள்.

போன வாரம்தான் பள்ளிக்கூடத்தில் பையனுக்கு எடை பார்த்திருந்தார்கள். இருபத்தெட்டு. மெக்கானிக்குக்குக் கை துறுதுறுத்தது. எத்தனை ஆள், எத்தனை கிலோ என்று பார்ப்பதுதானே அவர் பிழைப்பு. சாமான் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தான் ஏறிப் பார்த்தார். எழுபத்தொன்று, சரி. ரேடியோவை ஏற்றினார். இருபத்து நாலு, அதுவும் சரி. மகனை மறுபடி ஏற்றினார்.

நாற்பத்தாறு.

பாக்கெட்டைக் காலி செய்யச் சொன்னார். ஷூவைக் கழற்றச் சொன்னார். இன்னொரு காசு. கிர்ர்ர்... டக்... டக்... டக்.

நாற்பத்தாறு.

அப்போதுதான் பார்த்தார். பையன் தட்டின் வலது ஓரத்தில் ஒண்டி நின்றிருந்தான். ஒரு பாதம் பாதி வெளியே. இடது பக்கம் காலியாகக் கிடந்தது.

"ஓரமா நிக்கிறே, அதான் தப்பாக் காட்டுது. நடுவுல நில்லுடா."

"இடம் இல்லப்பா," என்றான் பையன்.

பயந்து சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஆள் இருந்தால் சொல்வோமே, அப்படிச் சாதாரணமாகச் சொன்னான். அப்புறம் என் சிநேகிதியிடம் இதைச் சொன்னதே ரேடியோதான். அந்த நிமிஷம் அவளுக்கே வாய் அடைத்துப்போனதாம்.

நாற்பத்தாறில் இருபத்தெட்டு போனால் எவ்வளவு? அவர் மனதுக்குள் ஒரு தடவை போட்டார். விரலை மடக்கி இன்னொரு தடவை போட்டார். பிறகு மெதுவாகப் பெஞ்சுக்குப் போய்ச் சாமான் பையைத் திறந்தார். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் தனித்தனி வார். காலையில் அவரே துடைத்து அடுக்கியது. எல்லாம் இருந்தன. பெரிய ஸ்பேனரின் வார் மட்டும் காலியாக இருந்தது.

அவர் திரும்பி வந்தார். மெஷின் முன்னால் மண்டியிட்டார். மகனைப் பார்த்து அல்ல... காலியாக இருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்து.

"பதினெட்டு," என்றார். "சரியா இருக்கு தங்கம். அப்பா பார்த்துட்டேன். சரியாத்தான் இருக்கு. வா, இன்ஜின் பார்க்கப் போலாம்."

போன் அடித்தது. எங்கேயோ லிஃப்ட் நின்றிருக்க வேண்டும். அவர் போனையே அணைத்துவிட்டார். காவலாளியிடம் பத்து நிமிஷம் கேட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, சாவிக்கொத்துச் சத்தம் போடாமல் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

இன்ஜினில் விசில் சங்கிலி உயரத்தில் தொங்கியது. முதலில் ரேடியோவைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் மகனை. அப்புறம்... இரண்டு கையையும் ஏந்தி மூன்றாவது தடவை குனிந்தார். நிமிர்ந்தார். கையை உயர்த்தியபடியே நின்றார். இறக்கவில்லை.

நாற்பது வருஷமாக நெருப்பே பார்க்காத இன்ஜின். விசில் வரவில்லை. சங்கிலி மட்டும் ஒரு தடவை கீழே போய் மேலே வந்தது.

நீ மூக்கை உறிஞ்சாதே. இன்னும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாற்பத்தாறு என்று அச்சடித்த அட்டையை அண்ணியிடம் கொடுத்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். ஸ்பேனரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அண்ணி அந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ இப்ப நல்லா சாப்பிடுறா," என்றாள்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். பதினோரு மாதத்தில் அன்று ராத்திரிதான் அண்ணியும் தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாளாம்.

மறுநாள் திங்கட்கிழமை. ரேடியோ அங்கேயே தூங்கிவிட்டதால், நைட் டியூட்டி முடிந்து அவளைக் கூட்டிப்போக என் சிநேகிதி விடிகாலையில் அங்கே போனாள். அண்ணன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தார். சாமான் பையை வீட்டுக்குள் எடுத்துப்போக மறந்திருக்கிறார். ராத்திரி முழுக்க அது வெளியே ஸ்கூட்டரில்தான் தொங்கியிருக்கிறது. நல்ல பனி. பையே நனைந்திருந்தது.

பெரிய ஸ்பேனர் அதன் வாரிலேயே இருந்தது.

பையை இவள் பக்கம் விரித்துக் காட்டினார். இவள் சுத்தியலைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. சின்ன ஸ்பேனர்களைத் தொட்டாள். எல்லாம் ஜில்லென்று இருந்தன. பிறகு பெரிய ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் கீழே வைக்காமல், வார்டில் குழந்தைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளே, அப்படிப் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

எத்தனை வருஷத்து நர்ஸ் கை. அதற்குத் தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை.

"அண்ணா," என்றாள். "நூத்தி ரெண்டு இருக்கு."